பதினோராம் பாகத்தில் படகேறியவன்

அதிகாலை நாலே முக்கால்.
உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்துக் கடையில்
கோப்பிக்குக் காசு எடுக்குமுன்பே
ஆரம்பித்துவிட்டார் அந்தோணிசாமி:
"கெட்டவ திருந்தலாம்யா, வேணாங்கல.
விளம்பரம் முடியறதுக்குள்ள திருந்தலாமா?"

தொண்ணூறு நாள்
மருமகளின் சூப்பில் என்னென்னவோ கலந்தவள்
நேற்று ராத்திரி
மின்தூக்கியில் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டாள்.
கதவு திறந்தபோது தெய்வம்.

குமரேசனுக்கு அது பிடித்திருந்தது.
"நானும் ஒருதடவை மாட்டியிருக்கேன்,
பதிமூணாவது மாடி, மூச்சு முட்டிப்போச்சு.
வெளிய வந்ததும் தம்பிக்குப் போன் பண்ணினேன்.
ஆறு வருசமாப் பேசாத தம்பி."
"அப்புறம்?"
"அவன் எடுக்கல."
"அதை எழுதணும்யா" என்றார் அந்தோணிசாமி.
"அதுதான் கதை."

சிக்கந்தரின் வழக்கு வேறு.
நாலறை வீட்டுக்கு அவ்வளவு பெரிய கூடமா?
வாசலில் ஒரு ஜோடி செருப்பு இல்லை,
சன்னலுக்கு வெளியே துணிக்கழி இல்லை,
இத்தனை பேர் கூடி அழுதும்
எதிர்வீட்டு ஆன்ட்டி ஒருநாளும்
கதவைத் திறந்து பார்க்கவில்லை.
அப்புறம் அந்தத் தாரிகா, வழக்கறிஞராம்.
நீதிமன்றத்தில் புலி,
வீட்டில் அறை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள்.
"நம்புற மாதிரியா இருக்கு?" என்று கேட்டவர்
கொஞ்ச நேரம் கோப்பியைக் கலக்கினார்.
"இருக்கு" என்றார் தானாகவே.

என் தொழில் எனக்கு.
தாரிகா தோ பாயோவில் பேருந்து ஏறினாள்,
கண்ணைத் துடைத்தாள்,
பாசிர் ரிஸ் கடற்கரையில் இறங்கினாள்.
ஒரே வண்டி.
அட்டையைத் தட்டவே இல்லை.
ஓட்டுநர் கேட்கவும் இல்லை,
பாவம், அவனுக்கு முகமே தரவில்லை,
ஒரு முழங்கை மட்டும்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தக் காட்சிக்கு நான் அழுததைச் சொல்லவில்லை.

நாங்கள் நால்வரும் ஒத்துப்போவது
நிமலன் விஷயத்தில்தான்.
தாரிகாவின் தம்பி.
பதினோராம் பாகத்தில்
தேசிய சேவைக்குத் தெக்கோங் தீவுக்குப் படகேறினான்,
கரையில் நின்று அம்மா கையசைத்தாள்.
(பெற்றோரையும் படகில் ஏற்றுவார்கள், அது தனிப் பிழை.)
இன்றைக்கு நூற்று நாற்பத்திரண்டு.
ஒரு சனிக்கிழமைகூட வீட்டுக்கு வரவில்லை.
ஒரு பச்சைச் சீருடை துவைக்கப்படவில்லை.
அக்காளுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு மாரடைப்பு,
வீட்டை விற்பதில் அடிதடி,
யாரும் அவன் பேரைச் சொல்லவில்லை.

"எழுதுறவன் மறந்துட்டான், சரி.
பெத்தவளுமா?"
இதைக் கேட்கும்போது மட்டும்
அந்தோணிசாமிக்குக் குரல் இறங்கிவிடும்.
"நிறுத்தம் இல்லாத எடத்துல ஒருத்தனை இறக்கிவிட்டா
நமக்கு மெமோ குடுக்கறான்.
இவனுக்கு யார் குடுக்கறது?"

போன வாரம் எனக்கு இரவு முறை.
புதன்கிழமை, கடைசி வண்டி.
முனையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும்
மேல்தளத்தில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்,
மடியில் உணவு கொண்டுபோகும் சதுரப் பை.
தோளைத் தொட்டேன். நிமிர்ந்தான்.
மீசை வைத்திருந்தான்,
இருந்தாலும் தெரிந்தது.

"தம்பி, வீட்டுல யாருமே உன்னைத் தேடலையேப்பா."
வாய் தவறி வந்துவிட்டது.
பதறிப்போய்க் கைபேசியைப் பார்த்தான்.
பிறகு புரிந்து, சிரித்தான்.
"மூணு நாள் ஷூட்டிங்தான் அங்கிள்.
திரும்பக் கூப்பிடுறோம்னாங்க."
பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.
போகும்போது
மறக்காமல் அட்டையைத் தட்டினான்.

இந்த வாரம் மறுபடியும் காலை முறை.
அந்தோணிசாமி முடிவே கட்டிவிட்டார்:
கடைசிப் பாகத்தில் வருவான்,
முதுகில் பை, பூட்ஸில் சேறு.
அம்மா ஒன்றும் கேட்காமல்
தட்டெடுக்க எழுந்திருப்பாள்.
அங்கேயே நிறுத்திவிட வேண்டும்,
பின்னணி இசைகூடக் கூடாது.

"வருவானாண்ணே?" என்றான் குமரேசன்,
ஏனோ என்னைப் பார்த்து.

ஐந்து பன்னிரண்டுக்கு என் வண்டி.
மீதிக் கோப்பியை
நின்றுகொண்டே குடித்தேன்.