மூன்றேகால் நூல்

நேற்று இந்தத் துளையை ஒன்பதில் போட்டது நான்தான்.
பத்து போல்ட்டுக்கு எட்டரை என்று
கைக்கே தெரியும்.
எட்டரை பிட் காலையில்தான்
ஒரு டிராக்டர் வேலையில் முறிந்திருந்தது.
கோயம்புத்தூர் போய்வர அரை நாள்.
ஆத்தூரிலிருந்து வந்த அறுவடை மிஷின்
மணிக்கு இரண்டாயிரத்து நானூறு கேட்கிறது.
வயல்காரர் செந்தாமராட்சன் பட்டறை வாசலில் நின்று
கொழிஞ்சாம்பாறை வானத்தையே பார்த்திருந்தார்.
'மழ வரும்' என்றார்,
எந்த மொழியில் என்று தெரியவில்லை.
அரை மில்லிமீட்டர்தானே என்று யாரோ சொன்னார்கள்.
பட்டறையில் என்னைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதில் டேப் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.
அப்போதே கையை எடுத்திருக்க வேண்டும்.
எட்டரை என்றால் அப்படி இறங்காது.
அரைச் சுற்று போகும்,
கால் சுற்று திரும்பி சீவலை முறிக்கும்,
எண்ணெய் கேட்கும்,
முனகும்.
அந்த முனகல்தான் மரை.

இன்று மூன்று மணிக்கு மிஷின் திரும்பி வந்தது,
சேறும் வைக்கோலுமாய்,
பேரிங் பெட்டி கடகடவென்று ஆட.
போல்ட்டை இரண்டு விரலால் இழுத்தேன்.
சாவி தேவைப்படவில்லை.
கூடவே மெல்லிய கம்பி ஒன்று
சுருண்டு ஒட்டிக்கொண்டு வந்தது.
நேற்று நான் வெட்டிய மரை,
முழுசாக, ஒரே சுருளாக.
'மரை கழண்டுபோச்சுங்க்கா'
என்றான் டிரைவர் பொன்னரசு.
மிஷினைத்தான் சொன்னான்.

துளையைப் பெரிதாக்கலாம்.
சிறிதாக்கும் பிட் எந்தக் கடையிலும் இல்லை.
பத்துக்கு இனி இடமில்லை, பன்னிரண்டுதான்.
பன்னிரண்டுக்குப் பிட்ச் ஒன்றேமுக்கால்.
கழித்தால் பத்தேகால்.
இரும்பு தாங்குமா என்று ஸ்கேல் வைத்தேன்,
இரண்டு பக்கமும் ஏழு ஏழு மிஞ்சும்.
தாங்கும்.

பத்தேகால் என்னிடம் இல்லை.
பத்து இருந்தது, பதினொன்று இருந்தது.
பத்தில் போட்டால் டேப் உள்ளேயே முறியலாம்.
முறிந்ததை எரித்து எடுக்கிற வேலந்தாவளத்துக்காரர்
ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை.
பதினொன்றில் போட்டால்
மறுபடி நேற்று.

பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்தேன்.
உக்கடத்தில் கிலோ கணக்கில் வாங்கிய அங்குல பிட்டுகள்,
காம்பில் எழுத்து தேய்ந்தவை, பாதி துரு.
ஒவ்வொன்றாய் வெர்னியர் வாயில் வைத்தேன்.
செந்தாமராட்சன் குடையை விரித்தார், மடக்கினார்.
பதினேழாவது பிட்
பத்து புள்ளி மூன்று காட்டியது.
அங்குலத்துக்கு எட்டு நூல்,
இது மூன்றேகால் நூல்.
மில்லிமீட்டர் பிறக்கும் முன்பே
யாரோ எனக்காகத் தீட்டி வைத்ததுபோல்,
இல்லை, எனக்காக இல்லை,
ஏதோ ஒரு மில்லுக்காக. இருக்கட்டும்.

டிரில்லை நெஞ்சில் சாய்த்து அழுத்தினேன்.
மூடித் தகட்டின் துளையைப் பதிமூன்றாக விரித்தேன்,
அங்கே போல்ட் தடையில்லாமல் போகவேண்டும்.
சட்டத்தில் போகக்கூடாது,
போக இடம் கேட்டுக் கேட்டு ஏறவேண்டும்.
ஒரே போல்ட்டுக்கு இரண்டு துளை,
இரண்டும் ஒரே அளவென்றால் இரண்டும் வீண்.

தேங்காய் எண்ணெய் விட்டு முதல் டேப்பை நிறுத்தினேன்.
அரைச் சுற்று.
கால் சுற்று பின்னால்.
முனகியது.
பொன்னரசு பயந்துபோய் என்னைப் பார்த்தான்.
நான் சிரித்திருக்க வேண்டும்,
ஏனென்றால் அவனும் சிரித்தான்.

கூலி வாங்கவில்லை. போல்ட்டுக்கு மட்டும் நாற்பது.
செந்தாமராட்சன் அதற்கும் சில்லறை தேடினார்.
ஏழு மணிக்கு மழை வந்தது.
அதற்குள் எத்தனை கண்டம் அறுத்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.

கடை சாத்தும் முன் அந்தக் கம்பிச் சுருளை எடுத்து
ஒன்பது பிட்டின் கழுத்தில் மாட்டினேன்.
அளவு சரியாக இருந்தது.