எட்டு ஜிபி காணும்

ஏழாம் சீட்டு எனக்கு விழுந்தது.
கழிவு போக ஒரு லட்சத்து எட்டாயிரம்.
காசு கைக்கு வரமுதலே
வீட்டில் அதைச் செலவழித்து முடித்திருந்தார்கள்.

மதுமிளாவுக்கு இந்த வருசம் சாதாரணதரம்.
ரியூசன் எல்லாம் என்ர போனில்.
காமென்ற்ஸுக்கு நான் கொண்டுபோனால் அவளுக்கு வகுப்பில்லை,
விட்டுவிட்டுப் போனால்
சூப்பவைசருக்கு நானில்லை.

அகிலவனுக்கு கேம்.
அவன் அப்படிச் சொல்லவில்லை.
"கிராபிக்ஸ் டிசைன் பழகலாம் அம்மா" என்றான்
சுவரைப் பார்த்துக்கொண்டு.

தவசீலன் ஒன்றும் கேட்கவில்லை.
நெல்லுமூட்டை இரண்டை இழுத்து
மேசைக்கு இடம் விட்டார்.

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டக் கடை.
நிறோசன் என்று ஒரு பொடியன்,
பென்சில் செருகுகிற மாதிரிக்
காதில் ஸ்குரூ டிரைவர்.
"புதுசோ பழசோ அக்கா?"
புதுசின் விலையைச் சொன்னான்.
நான் கதிரையில் இருந்தேன்.

பிறகு பழசு.
எந்த நாட்டு ஒபிசோ கழித்துவிட்டவை
கப்பலில் வந்து சுவரோரம் அடுக்கி,
கரிய கல் அரிந்து வைத்த மாதிரி.
ஒன்றின் நெற்றியில் இன்னும் ஒட்டுத்தாள்:
கணக்குப் பகுதி, மூன்றாம் மாடி.
நான் மூன்றாம் மாடி ஏறியதில்லை.
அங்கேயிருந்து இறங்கிய ஒன்று
என் தகரத்துக்குக் கீழே வரப்பார்க்கிறது.

"நாலாம் தலைமுறை அக்கா, நல்ல மெஷின்."
எங்கள் காணியில் நான் எண்ணினால்
இரண்டுக்கு மேல் போகாது.

"கிராபிக்ஸ் கார்ட் இல்லாட்டி?"
"படிக்கலாம்."
"இருந்தா?"
"அப்பவும் படிக்கலாம்" என்றான்.
அகிலவனைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்."

பஸ் ரிக்கற்றின் பின்பக்கம் எழுதினேன்.
மெஷின் நாற்பத்தைந்து.
மொனிட்டர் பதினாறு, மூலையில் ஒரு கீறலோடு.
கார்ட் இருபத்தாறு. இதில் என் பேனை நின்று நின்றுதான் போனது.
யூபிஎஸ் பதினைந்து, எங்கட கறண்டை நம்பேலாது.
ரம் எட்டைப் பதினாறாக்க ஆறு.
சரியாக நூற்றியெட்டு.
பிள்ளையாருக்குத் தேங்காய்க்கு மிச்சமில்லை.

ஓடிக் காட்டச் சொன்னான் அகிலவன்.
நிறோசன் ஒரு கேமைப் போட்டான்.
துவக்குச் சத்தம் கடை முழுக்க.
திரையில் ஆரோ ஒருவன் மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தான்.
மகன் கண் வெட்டவில்லை.
திரும்பிப் பார்த்தேன்,
தவசீலன் வெளியே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில்
செயின் இறுக்கிக்கொண்டிருந்தார்.
அந்தச் செயினை நேற்றுத்தான் இறுக்கினவர்.

உள்ளே வந்து முதன்முதலாக வாய் திறந்தார்.
"ஹெட்போன் என்ன விலை?"
"வெளியில சத்தம் கேக்காதது எண்டா ஆறு முடியும் அண்ணை.
அந்தக் காசுக்கு ரம்மைக் கூட்டினா…"
"எட்டுக் காணும்."

அகிலவன் வாயைத் திறந்தான்.
மதுமிளா அவன் காலை மிதித்தாள்.

இப்போது வீட்டில் சண்டை நடக்கிறது,
ஒரு சத்தமும் இல்லை.
விசைகளின் கட கட மட்டும்,
தகரத்தில் தூறல் தொடங்குகிற மாதிரி.
மொனிட்டர் கீறலை மறைத்து
மதுமிளாவின் நேரசூசி.
ஆறிலிருந்து எட்டு அவளுக்கு; எட்டரை வரை அவளே.
புழுதிக்கு என் பழைய சோட்டித் துணி.
இடி முழங்கினால் முதலில் ஓடிப் பிளக்கைக் கழட்டுவது நான்.

நேற்று ஒரு மணிக்கு முழிப்பு வந்தது.
பாய் வெறுமை.
மேசையில் நீல வெளிச்சம்,
தவசீலன் லொறி ஓடிக்கொண்டிருந்தார்.
உண்மை லொறியை விட்டுப் பதின்மூன்று வருசம்.
எந்த ஊரோ, பனி கொட்டுகிறது,
பன்னிரண்டு சில்லு, நீட்டுக்கு ரோட்டு,
மறித்து இறக்கி ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க போறியள்?"
"சீமெந்து இறக்க."
"முறிகண்டியில நிப்பாட்டாமலோ?"

சிரிக்கவில்லை.
சிக்னலைப் போட்டார்.
ஓரங்கட்டினார்.
பனிக்குள் அந்த லொறி
மஞ்சள் விளக்கு வெட்டி வெட்டி
ஒரு நிமிசம் நின்றது.
கச்சான்காரி வரவில்லை.
பிறகு எடுத்தார்.