நாற்பத்தோரு நிமிடம்

முகப்பேர் மேற்கு, எட்டாவது பிளாக்,
தரைக்குக் கீழே பார்க்கிங்.
மேலே ஜூன் மாதம் காய்கிறது.
இங்கே ஒரு டியூப்லைட் எரியலாமா என்று
யோசித்துக்கொண்டே இருக்கிறது.

மஞ்சள் விளக்கு எரியுது என்று
போனில் கூப்பிட்டவர் தணிகாசலம்.
அவர் மனைவி தூணோரம் நின்றாள்,
ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி.
"இவதான் ஓட்டறா. பையனை வடபழனியில
நீச்சல் கிளாஸ்ல விட்டுட்டு நேரா வீட்டுக்கு.
அவன் வேன்ல வந்துடுவான்.
இருபது நிமிஷ ஓட்டம். அதுக்குள்ள
என்னத்தப் பண்ணி வெச்சாளோ."

ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டேன்.
பதினாறு துளைச் சாக்கெட்.
பக்கத்திலேயே நமுத்த முறுக்குத் துண்டு,
நீச்சல் கண்ணாடியின் அறுந்த ரப்பர்.
என் ஸ்கேனர் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது,
மூலை உடைந்து டேப் சுற்றியது.
மூன்று தடவை விக்கிவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

பி, சைபர், நாலு, எட்டு, சைபர்.
ரேடியேட்டர் ஃபேன் சர்க்யூட்.

ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று போதும்.
நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும்.
ஓட ஓட ஒன்றும் தெரியாது,
நின்றால் கொதிக்கும்.

உள்ளே இன்னொரு பக்கம் இருக்கிறது, ஃப்ரீஸ் ஃப்ரேம்.
அவசரக்காரர்கள் அதைத் திறப்பதில்லை.
விளக்கு எரிந்த அந்த நொடியை
வண்டி அப்படியே பிடித்து வைத்திருக்கும்.

வேகம் பூஜ்யம்.
சுற்று எண்ணூற்றைம்பது.
கூலன்ட் நூற்றுப் பதினொன்று.
இஞ்சின் உயிர்பெற்று இரண்டாயிரத்து நானூற்று அறுபது விநாடி.
அறுபதால் வகுத்துப் பார்த்தேன்.
உள்ளிழுத்த காற்றின் சூடு அறுபத்து மூன்று.
சிக்னலில் நின்ற வண்டி
இவ்வளவு சூடான மூச்சை இழுக்காது.
இது ஏசி போட்டு, ஓரமாய் நிறுத்தி,
நெடுநேரம் நின்ற வண்டி.

எந்த இடம் என்று அதில் இல்லை.
பாடி மேம்பாலத்துக்கு அடியிலா,
நீச்சல் குளத்து வாசலிலேயேவா,
பாட்டு ஓடியதா,
அழுதாளா, தூங்கினாளா,
யாரும் கூப்பிடாத ஓர் இடம்
சும்மா வேண்டியிருந்ததா.
இதற்கெல்லாம் சென்சார் வைக்கவில்லை.
வைத்திருந்தாலும்
அதைப் படிக்க எனக்குக் கூலி பேசவில்லை.

"என்ன காட்டுது?"
தணிகாசலம் குனிந்தார். அவர் வாயில் ஏலக்காய் வாசனை.
தூணோரத்திலிருந்து முதல் தடவையாக
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
என்னையல்ல, என் கையை.

பின்செல்லும் பொத்தானை அழுத்தினேன்.
"ஃபேன் ரிலே போயிடுச்சு சார். டிராபிக்ல நின்னா சூடாகும்."
"எவ்வளவு நேரம் நின்னாளாம்?"
"அதெல்லாம் இதுல வராது சார்."

பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழில்.
தேய்ந்த பிரேக்கை நல்ல பிரேக் என்று சொன்னதில்லை.
காது மட்டும் கொஞ்சம் சூடானது.

ரிலே இருநூற்று எண்பது ரூபாய்,
பெட்டியிலேயே ஒன்று கிடந்தது.
மாற்றினேன். ஏசியைப் போட்டதும்
ஃபேன் பெருங்குரலெடுத்தது,
பார்க்கிங் முழுக்க அதே சத்தம்.

திரை கேட்டது: அழிக்கவா? ஆம். இல்லை.
அவள் பக்கத்தில் வந்திருந்தாள்.
"அழிச்சா எல்லாமே போயிடுமா?"
"எல்லாமே போயிடும்மா."
விளக்கு அணைந்தது.

அவர் என் போனிலிருந்த கட்டத்துக்கு நேரே
தன் போனைப் பிடித்து, தள்ளிப் பிடித்து,
சிக்னல் இல்லை என்று திட்டிக்கொண்டே
மாடிப்படிப் பக்கம் போனார்.

நான் ஒயரைச் சுருட்டினேன்.
"அழிச்ச வண்டிம்மா. இனி எல்லாத்தையும்
தானே ஒருமுறை சோதிச்சுக்கும்.
எழுபது எண்பது கிலோமீட்டர் ஓட்டுங்க.
நடுவுல கொஞ்சம் நிக்கவும் விடணும்."

சாவியை வாங்கிக்கொண்டாள்.
"நின்னா ஒண்ணும் ஆகாதே?"

படிக்கட்டிலிருந்து பணம் வந்த சத்தம் கேட்டது.

"ஃபேன் இப்ப ஓடுதும்மா" என்றேன்.