எண் மூன்று

பதினெட்டுக்குப் பதினெட்டு அங்குலம்.
நாலு மூலையும் சாய்வாய் மடிந்து
ஊசித்தடம் ஒன்றுகூடத் தெரியாமல்.
கரூரில், கோவை ரோட்டுக் கம்பெனியொன்றில்
பத்தொன்பது வருஷமாய் நான்
பாஸ் செய்வதும் தள்ளுவதும் நாப்கின்.
யார் மடியிலும் ஒன்று விரிந்து கிடந்து
இதுவரை பார்த்ததில்லை.
எங்கள் வீட்டில் கை கழுவினால்
எனக்கு முந்தானை,
நாச்சிமுத்துவுக்கு வேட்டி.

முதல் வளையம் தற்செயல்.
துணியின் கனம் அதற்குள் நுழைகிறதா
என்று பார்க்க பையர் அனுப்பிய சாம்பிள்.
ஆர்டர் கேன்சலானது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
வெண்பீங்கான். கைக்குழந்தையின் வளையல் அளவு.
ஊதாப்பூ ஒன்று, கையால் வரைந்தது,
இதழோரத்தில் தூரிகை சற்றே நடுங்கியிருந்தது.
என் டேபிளுக்கு வந்திருந்தால் அந்த நடுக்கத்துக்கே
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.
உள்பக்கம் பொடி எழுத்தில்: ஜப்பான்.

அப்புறம் அது ஏறிக்கொண்டது,
முருங்கையில் கம்பளிப்பூச்சி மாதிரி.

உக்கடத்தில் கமாலுதீன் கடை.
வால்பாறை, குன்னூர் பங்களாக்கள் காலியாகும்போது
லாரியில் வந்து இறங்கும் சாமான்.
கை ஒடிந்த நாற்காலி, மான்கொம்பு, தேய்ந்த ஸ்பூன்.
‘அம்மணிக்குன்னே எடுத்து வெச்சனுங்க’ என்று
பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிடுவார்.
மூங்கிலில் அரக்குப் பூசியது ஒன்று.
செம்புக்கம்பி எல்லைக்குள் நீல எனாமல், அதில் ஒரு கொக்கு.
இன்னொன்றின் அடியில் ஆங்கிலத்தில்
ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது.
பஸ்ஸில் காங்கேயம் தாண்டும்வரை
அதை இரண்டு விரலில் மாட்டித் திருப்பிக்கொண்டே வந்தேன்.
தோற்றதைக் கூட
வாய் துடைக்கும் துணியின் வளையத்தில்
எழுதி விற்றிருக்கிறார்கள்.

‘யானைக்கு மெட்டியா நங்கை?’ என்றாள் நாத்தனார்.
விலையை நான் சொல்லவில்லை.
வெள்ளியாயிருந்தாலாவது அடகுக்கு ஆகும் என்றாள்.

அந்த மாசமே வெள்ளி வந்தது.
ஐந்து. ஒவ்வொன்றையும் சுற்றிப் படுத்து
ஒரு டிராகன் தன் வாலைத் தானே பார்க்கிறது.
நெற்றியில் எண்:
ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு.
எண் எதற்கு என்றேன்.
‘ஒரே துணிய ஒரு வாரம் வெச்சுத் தொடைப்பாங்களாமுங்க.
யாருது எதுன்னு மாறீரக் கூடாதல்ல.’

கடையிலேயே சிரித்துவிட்டேன்.
ஒரு நூல் பிசிறுக்காக மொத்த லாட்டையும்
திருப்பி அனுப்பும் மேசைகள்.
அவற்றிலும் ஒரு காலத்தில்
செவ்வாய்க்கிழமைக் குழம்பு
சனிக்கிழமைவரை இருந்திருக்கிறது.
இந்தக் கறை என்னுடையது
என்று சொல்லத்தான் வளையம்.

அன்று ராத்திரி அரிசிம்பருப்பு சாதம்.
மேசையில் குக்கர், கரண்ட் பில், மாத்திரை டப்பா.
நானே தள்ளிய நாப்கின் இரண்டைச் சுருட்டி
நாலிலும் ஐந்திலும் நுழைத்து வைத்தேன்.
நாச்சிமுத்து ஒன்றும் கேட்கவில்லை.
தறிக்காரர் பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே
நெய் வழிந்த உதட்டை ஐந்தால் துடைத்தார்,
சுருட்டினார், சொருகினார்,
பிறந்ததிலிருந்து செய்கிறவர் போல.
மஞ்சள் நன்றாக ஏறியிருந்தது.
நான் அதைத் துவைக்கப் போடவில்லை.

நேற்று ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடுவே போன்.
‘மூணு ஒண்ணு வந்திருக்குதுங்க அம்மணி.
ஆனா வேற செட்டு.
வெள்ளியுமில்ல, ஈயம் மாதிரி இருக்குது.
டிராகனுக்குப் பதிலா என்னமோ பூவு.’

கையில் அளவு நாடா,
எதிரே நாலாயிரம் துணி.
எடுத்து வையுங்க என்றேன்.
அளவு கேட்கவில்லை.