அறுபத்து மூன்றாம் பூதம்

மே மாதம் வாங்க வேண்டும்.
தடைக்காலம். விசைப்படகுகள் நங்கூரத்தில் சும்மா ஆடும்போது
பாம்பனில் எல்லாவற்றுக்கும் விலை இறங்கியிருக்கும்,
பழைய பூத கார்டுகளுக்கும்.
ராமநாதபுரத்தில் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன்
தெரிந்துவைத்திருக்கிற ஒரே வியாபார ரகசியம் இது.

மொத்தம் எண்பது பூதங்கள்.
சூயிங்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை, ரெண்டு ரூபாய்க்கு.
என்னிடம் எழுபத்தொன்பது.
அறுபத்து மூன்று, உப்புப் பூதம்,
அச்சுத்தகடு உடைந்து பாதியில் நின்றதாகப் பேச்சு.
பேச்சுதான்.
பாதி விலை அந்தப் பேச்சுக்குத்தானே.

ரெமிஜியுஸ் தூண்டில் பெட்டியைத் திறந்தான்.
ஈயக்குண்டு, நரம்பு, முள்.
அடித்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் பதினோரு கார்டு.
அதை நான் பார்க்கவில்லை.
காற்றுப் பூதம் எவ்வளவு என்றேன்.
புகைப் பூதம் எவ்வளவு என்றேன்.
ரெண்டும் வீட்டில் மும்மூன்று கிடக்கின்றன.
மீன் வாங்கத் தெரிந்தவன்
கடைசியில்தான் சீலா பக்கம் திரும்புவான்.
"இது?"

"நாலாயிரம்."

சிரித்தேன். கண்ணாடி முன் பழகிய சிரிப்பு.
மூலையில் வெள்ளை தெரிகிறது என்றேன்.
உப்புக்காற்றில் வளைந்திருக்கிறது என்றேன்.
குறுக்கே ஒரு கீறல், நகக்கீறல்தான், ஆனாலும்.
பலம் எழுபத்தொன்று என்றுதானே போட்டிருக்கிறது,
சேற்றுப் பூதத்துக்கே எண்பது.
ஆயிரத்து இருநூறு தரலாம்.

அவன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.
நிமிரவில்லை.
"வேணாம்னா கீழ வச்சிருங்கண்ணே.
கை வேர்க்குது ஒங்களுக்கு."

வைத்தேன்.
உறையின் மேல் என் கட்டைவிரல்
முழுசாக, ரேகையோடு பதிந்திருந்தது.

மூவாயிரத்து எண்ணூறு. ஆயிரத்து ஐந்நூறு.
அவன் அக்கா அமலோற்பவம் வந்தாள்,
ஏலக்கூடத்தில் குரலெடுக்கிறவள்.
கார்டைத் தூக்கி, செவுள் பார்ப்பதுபோல் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள்.
"இது கெட்டுப்போகுமா?"
"போகாதுக்கா."
"அப்ப என்ன அவசரம், வெலையக் கொறைக்காத."
போய்விட்டாள்.

நான் எழுந்து நாலடி நடந்தேன்.
அவன் கூப்பிடவில்லை.
செருப்பில் மணல் என்று சொல்லித் திரும்பி வந்தேன்.
கடன், வட்டி, என்ஜின் ரிப்பேர்
என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தால்
அந்த இடத்தில் அழுத்தலாம் என்று காத்திருந்தேன்.
தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டான்.

அப்போதுதான் பாலத்தில் ரயில் ஏறியது.
நான் ஒரு தொகை சொன்னேன்.
அவனும் ஒன்று சொன்னான்.
மூவாயிரமா, முந்நூறா, முடியாதா,
உதட்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன.
தலையாட்டினேன். அவனும் ஆட்டினான்.

சத்தம் ராமேஸ்வரம் பக்கம் போன பிறகு
"அப்பச் சரி" என்றான்.
"சரி" என்றேன்.
எவ்வளவு என்று கேட்க ரெண்டு பேருக்கும் வெட்கம்.

நூறு நூறாக அவன் உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தேன்.
போதும் என்பான் என்று நான்,
நிறுத்துவேன் என்று அவன்.
பதினைந்து. பதினாறு.
தாள் ஒட்டிக்கொண்டதுபோல் ஊதி ஊதிப் பிரித்தேன்.
இருபதில் ஒரு நாய் வந்து பெட்டியை முகர்ந்தது.
இருபத்து மூன்றில் என் கை நின்றது.
அவன் கை மூடவில்லை.
இருபத்து நாலு.
அவன் கடலைப் பார்த்தான்.
இருபத்தாறில் விரல்கள் மடங்கின.
மடங்கிய கை ஒரு தாளை உருவி
என் சட்டைப்பையில் செருகியது:
"பஸ்ஸுக்கு."

உறையைக் கைலியில் துடைத்துக் கொடுத்தான், என் ரேகை போக.
ரோட்டுக்கு ஏறும்போது பின்னாலிருந்து கேட்டான்:
"அப்ப எண்பதும் ஆச்சாண்ணே?"

மண்டபம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி
எங்கே உளறினேன் என்று தேடிக்கொண்டே வந்தேன்.
அவன் தந்த நூறை நீட்டினேன்.
சில்லறை இல்லையா என்றார் கண்டக்டர்.
இல்லை என்றேன்.
பேன்ட்டின் உள்பையில்,
கொண்டுவந்த ஐயாயிரத்தில் சரிபாதி
மடங்காமல் இருந்தது.