ஆறு சுற்று

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
மூன்றாவது லிஃப்டில் தொங்குகிறது
சர்ஜாபூரிலிருந்து வந்த வெள்ளை வண்டி.
புகார்ச் சீட்டில் என் கையெழுத்து:
யூ டர்ன் எடுத்தால் உறுமுகிறது.
பின்பக்கம் கருகல் நாற்றம்.
மழையே இல்லாத நாளில் எச்சரிக்கை விளக்கு.

அடியில் கப்ளிங் போல்ட்டைத் திருகினேன்.
தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய்
பழைய டிகாஷனாக வந்தது.
விரலில் தேய்த்து மோந்து பார்த்து
முக்தியார் சொன்னான்:
"அற்புதமேரி, உள்ளே அடுப்பே எரிஞ்சிருக்கு."

பெயர்தான் நாலு சக்கர இழுவை.
நாளெல்லாம் இழுப்பது முன்னிரண்டு மட்டும்.
பின்னிரண்டும் சும்மா உருண்டு வரும்,
கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே
எலக்ட்ரானிக் சிட்டி போகிறவர்கள் மாதிரி.
நடுவில் ஒரு நீளத் தண்டு
சுமை இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும்.
அது முடிகிற இடத்தில்
எண்ணெயில் ஊறிய தட்டுகள்,
ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும்.

ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும்
பல் எண்ணும் ஒரு காது.
முன்சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றினால்
காது சொல்லும், கணினி கேட்கும்,
தட்டுகள் நெருங்கி அழுந்தும்.
இமை மூடித் திறப்பதற்குள்
இழுவையில் பாதி பின்னால் போய்விடும்.
இந்த வண்டியில் பாதிக்கு மேல் கிடையாது.
கால் ஊன்றியதும் தட்டுகள் விலகும்.
விலகுவதும் வேலைதான்.
கையேட்டில் இந்த வரி இல்லை,
நான் சேர்த்தது.

டயர்களை அளந்தேன்.
பின்னால் இரண்டும் போன மாதம் மாற்றியவை, எட்டு மில்லி.
முன்னால் மூன்று,
உள்ஓரத்தில் அதுவும் இல்லை.
தேய்ந்த சக்கரம் சின்னச் சக்கரம்.
அதே தூரம் போக அது கூடுதலாகச் சுற்றவேண்டும்.
முக்தியார் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டான்.
கிலோமீட்டருக்கு ஆறு சுற்று.

ஆறே ஆறு.
காது சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.
முன்சக்கரம் சறுக்குகிறது, முன்சக்கரம் சறுக்குகிறது என்று
ஏப்ரல் வெயிலில், அவுட்டர் ரிங் ரோட்டில்,
தார் பளபளக்கும் பகலில்
நம்பிக்கொண்டே வந்திருக்கிறது இந்த வண்டி.
நம்பி, அழுத்தி,
மறுபடி அழுத்தி,
தட்டு தீயும்வரை உதவியிருக்கிறது
யாரும் விழாத இடத்தில்.

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

போன நவம்பரில் ஹெப்பாள் சர்வீஸ் ரோட்டில்
என் ஸ்கூட்டர் வழுக்கியது.
முட்டியில் நாலு தையல், வேறொன்றுமில்லை.
அன்றிலிருந்து காய்ந்த ரோட்டிலும்
இரண்டு விரல் ப்ரேக்கின்மேலேயே கிடக்கும்.
வீடு சேரும்போது மணிக்கட்டு கடுக்கும்.
ஆறு மாதத்தில் இரண்டு தடவை ப்ரேக் ஷூ.
"எதைத்தான் பிடிச்சு நிறுத்தறே நீ?"
என்று கேட்டான் முக்தியார்,
பதிலுக்குக் காத்திருக்காமல் டீ வாங்கப் போனான்.

பரீக்ஷித் குல்கர்னிக்குப் போன் போட்டேன்.
இரண்டு டயர் காசை மிச்சம் பிடித்தவர்.
இப்போது தட்டு, எண்ணெய்,
முன்னுக்கும் இரண்டு டயர், அதே கம்பெனி, அதே அளவு.
"ரோட்டில் அது ஒருமுறைகூட வழுக்கியதில்லையே" என்றார்.
அதுதான் சார் பிரச்சினை என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது.
பிறகு, செய்யுங்கள் என்றார்.

சனிக்கிழமை மாலை மழை.
கம்மனஹள்ளியில் குழாய்க்குத் தோண்டிய ஏற்றத்தில்
சோதனைக்கு ஏற்றினேன்.
முன்சக்கரம் ஒருமுறை செம்மண்ணைத் துப்பியது.
சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன முக்கல்.
வண்டி மேலே வந்துவிட்டது.
மேடு தாண்டி, கண்ணாடியை இறக்கி,
அகலமாக ஒரு யூ டர்ன் எடுத்தேன்.
உறுமல் இல்லை.
விட்டுவிட்டது.

ஏழரைக்கு ஸ்கூட்டரை எடுத்தேன்.
ரோடெல்லாம் ஈரம்.
இன்றைக்கு
இரண்டு விரலுக்கும் நியாயம் இருந்தது.