புத்தி சுவாதீனத்தோடு

எழுத்தரே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.
"நின்ஃபா, புத்தி பேதலித்தவள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.
தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியும்.
தம்பி கஸ்பாரே சொல்லிக்கொடுத்தான்,
உப்புக் குவியலின் மேல் விரலால் எழுதி.

ட்ரபானி உப்பளத்தில் எடை பார்ப்பவன் அவன்.
தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த ஈயத்துண்டைக்
கண்டுபிடித்த ஏழாம் நாள்
காற்றாலையின் பல்சக்கரத்தில் கிடந்தான்.
குடித்திருந்தான் என்றார்கள்.
மது வாடை பட்டாலே தும்முகிறவன்.

நான் அழவில்லை.
மறுநாள் காலை, ஒரு செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு
மீன் சந்தைக்குப் போனேன்.
அவ்வளவுதான்.
பைத்தியமாக ஒரு செருப்பு போதும்,
மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

கோழிகளிடம் வரி கேட்டேன்.
கோயில் மணிக்குப் பதில் சொன்னேன்.
பையன்கள் எறிந்த கற்களை எண்ணிவைத்தேன்.
நிஜமான பைத்தியம் எண்ணுமா?
யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்று தெரிந்துகொண்டேன்:
பைத்தியத்தின் முன்னால் எவரும்
குரலைத் தாழ்த்துவதில்லை.
டான் ஒனோஃப்ரியோவின் கணக்கன்
என் எதிரிலேயே சுவரை நனைத்தபடி
கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்தான்,
கஸ்பாரேயின் கால்களைப் பிடித்தது யார்,
காற்றாலையின் பாய்களை அவிழ்த்துவிட்டது யார்,
கைகட்டி நின்று பார்த்தது யார் என்று.
நான் கொக்கரித்தேன்.

இரவில் போர்வைக்குள்
தம்பியின் எடைக் கணக்கை ஒப்பிப்பேன்,
புத்தி துருப்பிடிக்காமல் இருக்க.
மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள்
எண்பத்து நான்குக்கு அப்புறம் எதுவும் வரவில்லை.
அறையில் யாருமில்லை.
இருந்தும் கொக்கரித்தேன்.

இதை மட்டும் எழுத வேண்டாம்.

வெள்ளிதோறும் எனக்கு ஒரு காய்ந்த அத்திப்பழம் தருவார் ஒனோஃப்ரியோ.
அந்த வெள்ளியும் தந்தார்,
கையிலிருந்த செருப்புக்குள்ளேயே போட்டார், விளையாட்டாக.
பிறகு, கடல் உள்ளே பாயும் மதகின் மேல்
பலகையில் கால் வைத்தார்.
இழுத்தேன்.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தான்.

மூன்று வருடம் பொத்திவைத்த ஒரே வாக்கியம்
பிசிறில்லாமல் நாக்கில் வந்து நின்றது:
"நான் கஸ்பாரேயின் அக்கா. இது அவனுக்காக."
உரக்கச் சொன்னேன்.
நுரையிலிருந்து நிமிர்ந்த அந்த முகத்தில்
பயத்தைத் தேடினேன்.
இரக்கம்தான் இருந்தது.
"பாவம், பிதற்றுகிறது" என்றார்.
அப்புறம் மதகு அவரை இழுத்துக்கொண்டது.

இடி விழுந்து செத்தவர்போல அடக்கம் செய்தீர்கள்.
இடியிடம் யார் காரணம் கேட்பார்கள்?
நீதிபதி மன்னித்துவிட்டார்.
விதவையும் மன்னித்துவிட்டாள்,
சிறைக்கு அத்திப்பழம் அனுப்பியிருக்கிறாள், ஒரு கூடை நிறைய.
நான் தூக்குக்கயிறு கேட்கிறேன்,
நீங்கள் கன்னிமாடத்தில் கட்டில் தருகிறீர்கள்.

இதோ பாருங்கள், இரண்டு செருப்பும் காலில்.
எண்பத்து ஐந்து. எண்பத்து ஆறு.
அவன் பெயரை எழுதுங்கள், ஒரே ஒரு முறை.
ஈயத்துண்டையும் எழுதுங்கள்.

தலையாட்டுகிறீர்கள்.
இறகைத் துடைத்து வைக்கிறீர்கள்.
பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பி,
ஒனோஃப்ரியோவின் மகன் நேற்று அனுப்பிய பணப்பை
எவ்வளவு கனம் என்று சொல்கிறீர்கள்,

குரலைத் தாழ்த்தாமல்.